மைக்கில் கிசுகிசுத்த சங்கதி

மருத்துவக் காப்பீடு விற்கிறவர்கள் எதற்குப் பணம் கிடைக்கும் என்பதோடு, எதற்குக் கிடைக்காது என்பதையும் ஊரறியச் சொல்ல வேண்டுமென்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அப்படியொரு காப்பீட்டுக் கம்பெனியின் மேனேஜர் ஞானசுந்தரத்துக்கு, அதைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று கவலை. ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்லும் சூசையைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு சத்தமா சொல்லணும்னு உத்தரவுல இல்லடா. கிடைக்கும்கிறதைக் கத்து. கிடைக்காதுங்கிறதை மெதுவா சொல்லு. எவன் காதுலயாவது விழுந்துச்சுன்னா கூலி கிடையாது."

"அப்படியே செஞ்சிடறேங்கய்யா."

சந்தையில் சூசை சலுகைகளைத் தொண்டை கிழியக் கத்தினான். வெங்காயம் பேரம் பேசிய ஒருவரும் திரும்பவில்லை. பிறகு மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தான்:

"ஷ்ஷ்... இனிமே வர்றது, மேனேஜர் ஐயா மெதுவா சொல்லச் சொன்னது."

சந்தையே அடங்கியது. தராசுகள் நின்றன. அழுத பிள்ளையின் வாயை அம்மாக்காரி பொத்தினாள்.

"சர்க்கரை இருந்தா கிடையாது... மூட்டு மாத்தினா கிடையாது..."

மேனேஜர் ஓடிவந்தார். "பாவி, ஊருக்கே கேட்டுடுச்சேடா!"

"நான் மெதுவாத்தானுங்க சொன்னேன். ஊரே மூச்சடக்கிக் கேட்டா நான் என்ன பண்ண?"

மறுவாரம் அரசாங்கம் உத்தரவைத் திருத்தியது. கிடைக்காததை எல்லாக் கம்பெனியும் இனி கிசுகிசுத்துத்தான் சொல்ல வேண்டுமாம்.