எரவாணத்து அருவாள்

"மூணு வருஷம்," என்றான் கங்கன். "மூணு வருஷமா ஒரு மான்கூட விழலை. வில்லுல கோளாறா, கையில கோளாறா? இன்னைக்காவது சொல்லிடு ஆசானே."

வெயினி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வில்லு நல்ல வில்லு அண்ணே."

"அப்போ கை?"

"கையும் நல்ல கைதான்."

"அப்புறம் என்னதான் கோளாறு?"

"கஞ்சியக் குடிங்க. ஆறிடும்."

கங்கனுக்கு வயசு நாற்பது. வெயினிக்கு இருபத்தஞ்சு. அவன் அவளை ஆசானே என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த மலைமேட்டில் கடமான் வேட்டை என்றால் அவள் சொன்னதுதான்.

மேடு என்றால் வெறும் புல். கண்ணுக்கு எட்டுகிறவரை புல். ஒரு மரம் கிடையாது. ஒளிந்துகொள்ள ஒரு பாறை கிடையாது.

அங்கே ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒரே ஒரு கடமான்தான் எடுப்பார்கள். வெளியூர்க்காரன் யாராவது குடியேற வந்தால், அந்த ஒன்றை அவன்தான் எடுக்க வேண்டும். ஒரே அம்பில். எடுத்துவிட்டால் வீடு கட்டிக்கொள்ளலாம், குடும்பத்தை மேலே கூட்டி வரலாம். மூன்று வருஷம் தவணை. மூன்றாவது வருஷ மழையின் முதல் துளி விழுவதற்குள் மான் விழாவிட்டால் இறங்கிப் போய்விட வேண்டும்.

கங்கன் வந்த நாளிலிருந்து ஊரில் ஒருவரும் மான்கறி தின்னவில்லை. அதனால் எல்லோருக்கும் அவன்மேல் கொஞ்சம் கடுப்பு.

அவன் மனைவி செவந்தியும் இரண்டு பிள்ளைகளும் மலையடிவாரத்தில், யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் காத்திருந்தார்கள்.

அன்று காலையிலேயே மேற்கே கருத்துவிட்டது.

"இன்னைக்கு மழை வரும்," என்றான்.

"வரும்," என்றாள் வெயினி.

"இன்னைக்கு விழலைன்னா நாளைக்கு நான் இறங்கணும்."

"ஆமா."

"அதுக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டியா?"

வெயினி எழுந்தாள். கூரையின் எரவாணத்தில் கையை விட்டுத் துழாவி ஒரு அருவாளை உருவினாள். துருப்பிடித்திருந்தது. கல்லில் நாலு இழுப்பு இழுத்தாள். அவன் முன்னால் வைத்தாள்.

"புல் அறுக்கப் போவோம்."

கங்கன் அருவாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"விளையாடுறியா?"

"மழை வருது அண்ணே. எல்லாரும் கூரைப்புல் அறுக்கப் போறாங்க."

"நான் வேட்டைக்காரன்!"

"தெரியும். அதான் மூணு வருஷமா பார்க்குறோமே."

அவனுக்கு ரத்தம் ஏறியது. கீழ்நாட்டில் அவனைப்போல் ஊர்ந்து போக ஆள் கிடையாது. புதருக்குள் வயிறு தேயப் போவான். பன்றி மூச்சு விடுவது மேலே படும், அப்புறம்தான் அம்பை எடுப்பான். இங்கேயும் அப்படித்தான் போனான். மூன்று வருஷமும் போனான். நூறு அடிக்கு முன்னாடியே கடமான் தலையைத் தூக்கும். காதை விறைக்கும். டொங்கென்று ஒரு கத்து. அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் அடுத்த மேட்டில் நிற்கும்.

"வில்லை?" என்றான்.

"எடுத்துக்கங்க. வில்லை யார் வேண்டாம்னா?"

புல்வெளியில் ஏற்கனவே பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்திருந்தார்கள். சடைச்சி என்கிறவள்தான் முதலில் நிமிர்ந்தாள்.

"ஏண்டி, அதிசயத்தப் பாருங்கடி. பாம்பு இன்னைக்குக் காலால நடந்து வருது!"

எல்லோரும் சிரித்தார்கள்.

கங்கன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான். இருநூறு அடி தள்ளிக் கடமான் கூட்டம். நடுவில் கொம்புக்காரன். ஒரு கொம்புக்கு மூன்று கிளை. மூன்று வருஷமாக அவனை ஓடவிட்ட அதே ஆள்.

சட்டென்று குப்புறப் படுக்கப் போனான். வெயினி அவன் தோளைப் பிடித்தாள்.

"நில்லுங்க."

"பார்த்துடும்!"

"அது எப்பவோ பார்த்துடுச்சு. வில்லைத் தண்ணிக் குடத்துக்குப் பக்கத்துல வைங்க. மறைக்க வேண்டாம். சும்மா வைங்க."

வைத்தான்.

"அறுங்க."

அறுத்தான். ஒரு பிடி அறுத்து மானைப் பார்த்தான். இன்னொரு பிடி, மறுபடி மானைப் பார்த்தான். அவன் பார்க்கும்போதெல்லாம் கொம்புக்காரன் தலையைத் தூக்கினான். மூன்றாவது தடவை காலைத் தட்டினான். கூட்டம் இன்னும் ஐம்பது அடி தள்ளிப் போனது.

வெயினி வந்தாள். அவன் கட்டியிருந்த கட்டைக் காலால் புரட்டினாள்.

"என்ன இது? பாதி நீளம், பாதி குட்டை. வேரோட மண்ணு வேற. முதல் மழைக்கே ஒழுகும் அண்ணே."

"ஒழுகட்டும். யார் வீட்டுக்கோ."

"யார் வீட்டுக்கோவா? இது உங்க வீட்டுக் கூரைக்கு."

"எனக்கு ஏது வீடு? நாளைக்கு நான் இறங்குறேன்."

"சரி, நாளைக்கு இறங்குங்க. இன்னைக்கு ஒழுகாத கட்டா கட்டுங்க."

போய்விட்டாள்.

கங்கன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். போன மழைக்கு மாட்டுக்கொட்டகை ஒழுகியது. செவந்தி சின்னவனை மடியில் போட்டு, தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் அவன்மேல் சொட்டாமலிருக்க. அவன் பார்க்கப் போனபோது அவள் அதைச் சொல்லவில்லை. பிள்ளைதான் சொன்னான்.

கட்டை அவிழ்த்தான். குட்டைப் புல்லைத் தூக்கி எறிந்தான். மண்ணை உதறினான்.

அப்புறம் அறுத்தான்.

அடியை ஒட்டி, ஒரே மட்டமாக. ஒரு பிடி, உதறல், அடுக்கல். நுனியைத் தட்டி நேராக்கிக் கட்டினான். ஒரு கட்டு ஆனது. எங்கே கூரையின் நடுவளை, எங்கே வாசல் என்று கணக்குப் போட்டான். வாசல் கிழக்கே. பெரியவளுக்கு ஒரு மூலை. இரண்டு கட்டு. நாலு கட்டு. முதுகு வலித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. என்னவோ ஒரு பாட்டை முனகினான். சடைச்சி பக்கத்தில் வந்து, "அண்ணே, அருவாளைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, கை நோகாது," என்றாள். சாய்த்துப் பிடித்தான். நோகவில்லை.

ஆறு கட்டு.

ஏழாவது கட்டைக் கட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினான்.

கொம்புக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

முப்பது அடி இருக்கும். பழைய புல்லை அறுத்துவிட்ட இடத்தில் அடியில் இளம்பச்சை தெரிந்தது. அதைத்தான் மான் மேய்ந்துகொண்டிருந்தது. கிழடு தட்டிய மூக்கு, காதில் ஒரு பழைய கிழிசல். பல்லில் புல் அரைபடும் சத்தம்கூடக் கேட்டது.

தலையைத் தூக்கியது. கங்கனைப் பார்த்தது.

புல் அறுக்கிற ஆள். வியர்த்திருக்கிறான்.

தலையைத் தாழ்த்தி மறுபடி மேய்ந்தது.

பெண்கள் ஒருத்தியும் நிமிரவில்லை. அருவாள்கள் சரக் சரக்கென்று ஓடிக்கொண்டே இருந்தன. வெயினியும் நிமிரவில்லை.

கங்கன் குடத்துக்குப் போனான். குனிந்து நடக்கவில்லை. மெதுவாகவும் நடக்கவில்லை. தாகம் எடுத்தவன் எப்படி நடப்பானோ அப்படி நடந்தான். ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தான். நிஜமாகவே தாகம்.

வாயைத் துடைத்தான். வில்லை எடுத்தான். அம்பை வைத்தான். நிமிர்ந்து நின்றான், அந்தப் புல்வெளியில் முதல்முறையாக வில்லோடு நிமிர்ந்து.

இழுத்தான். விட்டான்.

முன்னங்காலுக்குப் பின்னால் இறங்கியது. கடமான் ஒரு துள்ளு துள்ளியது. பத்து எட்டு ஓடியது. அவன் கட்டிய கட்டுகளுக்குப் பக்கத்தில் போய் முழங்காலிட்டது. சாய்ந்தது.

ஒரே அம்பு.

கங்கன் வில்லை இறக்கினான்.

சடைச்சிதான் ஆரம்பித்தாள். நாக்கைச் சுழற்றி ஒரு குலவை. அடுத்தவள் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பன்னிரண்டு பேரும். மூன்று வருஷத்துக் குலவை. மேடே அதிர்ந்தது. சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, அடிவாரம்வரை போனது. மான் விழுந்தால் மட்டும்தான் அங்கே குலவை. கீழே இருக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

குலவை நின்றது. எல்லோரும் காதைக் கொடுத்தார்கள்.

கீழேயிருந்து, ரொம்ப சின்னதாக, ஒரு குரல்.

"அப்பா... ஆ... ஆ!"

கங்கன் வில்லைத் தலைக்கு மேலே தூக்கினான். கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. புல்லில் குதித்தான். தொடையில் தட்டினான். நாற்பது வயசு ஆள் மாதிரியே இல்லை. கடமானின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மறுபடி எழுந்து கத்தினான்.

"பாம்புக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுடி!" என்றாள் சடைச்சி. அவள் கண்ணிலும் தண்ணீர்.

அப்போதுதான் அவன் மூக்குமேல் ஒரு துளி விழுந்தது. மழை.

வெயினி கட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கன் அவள் முன்னால் போய் நின்றான். இன்னும் மூச்சு வாங்கியது.

"ஆசானே. ஒண்ணு மட்டும் கேக்குறேன். மறைக்காம சொல்லு."

"கேளுங்க."

"இது உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும்."

"இந்தப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்."

"அப்போ மூணு வருஷமா ஏன் சொல்லலை? வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

வெயினி ஒரு கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"வந்த அன்னைக்கே அந்த அருவாளை உங்க கையில கொடுத்தேன் அண்ணே. நீங்கதான் எரவாணத்துல சொருகினீங்க."