ஆலோசகர் வாயை மூடிய மூன்று நாள்

குவளந்தை நாட்டில் அன்னசத்திரம் உண்டு, தண்ணீர்ப் பந்தல் உண்டு. இந்தத் தர்ம காரியங்களுக்கெல்லாம் யோசனை சொல்ல அரண்மனையில் ஓர் ஆளும் உண்டு. அந்த மகானுபாவன் நான்தான். பெயர் அம்பலத்தாடி. இருபது வருஷமாக ஊருக்கு உழைத்தவன். அதாவது, உழைக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியவன். கரண்டி பிடித்தது கிடையாது.

ஒருநாள் உச்சி வேளையில் மன்னர் வீரகண்டர் சொல்லாமல் கொள்ளாமல் சத்திரத்துக்குள் நுழைந்துவிட்டார். பந்தியில் இலை போட்டிருந்தது. வழிப்போக்கர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சோற்றைத்தான் காணோம். ஒரு கிழவர் வெறும் இலையில் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சோறு எங்கே?" என்றார் மன்னர்.

தலைமைச் சமையற்காரி உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இப்பத்தான் உலை வச்சிருக்கோம் மகாராசா. காலையில உலை வைக்கிற நேரத்துக்கு ஆலோசகர் ஐயா சபை கூட்டிருதாரு."

"சபையில் என்ன பேசுகிறீர்கள்?"

"சாப்பாடு ஏன் தாமதமாகுதுன்னுதான்."

மன்னர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மூன்று நாள் தருகிறேன்" என்றார். "மூன்றாம் நாள் உச்சி வேளையில் இந்த இலைகளில் சுடுசோறு விழ வேண்டும். இல்லையென்றால் நீர் நாட்டை விட்டே போக வேண்டும்."

பக்கத்தில் நின்ற மந்திரி திருமேனிநாதருக்கு அது போதவில்லை. என் பதவியில் தம் மருமகனை உட்கார வைக்க அவருக்கு நெடுநாள் ஆசை. "அரசே, இவர் இருபது வருஷம் வாயாலேயே பிழைத்தவர். இந்த மூன்று நாளும் வாய் திறக்கக்கூடாது, ஓலையும் எழுதக்கூடாது. அப்படிச் செய்து காட்டட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

வாய் திறக்காமல் எப்படி வேலை செய்வது என்று விவாதிக்க ஒரு சபை கூட்டலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

மறுநாள் விடியற்காலையில் சத்திரத்தில் போய் உட்கார்ந்தேன். உலகம்மை எட்டிப் பார்த்தாள். "இன்னைக்குச் சபை உண்டா சாமி?"

நான் பேசவில்லை. பேச முடியாது.

"இல்லைபோல இருக்கு!" என்று உள்ளே ஓடினாள். அடுப்பு பற்றியது. அன்றைக்கே உச்சி வேளைக்கு முன்னால் சோறு தயார். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் மன்னர் வந்தபோது பந்தியில் ஆவி பறந்தது. அதே கிழவர் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மெய்யாகவே வெட்கமாக இருந்தது. இருபது வருஷம் எத்தனை இலைகளைக் காக்க வைத்திருக்கிறேன்!

திருமேனிநாதர் விடவில்லை. "பார்த்தீர்களா அரசே! இவர் சும்மா இருந்தால் எல்லாம் நடக்கிறது. இவர் எதற்கு? என் மருமகனை நியமியுங்கள். எண்பது ஓலையில் திட்டம் எழுதி வைத்திருக்கிறார்."

மன்னர் யோசித்தார். "மந்திரி சொல்வதும் நியாயம்தானே? அம்பலத்தாடி, இப்போது வாய் திறக்கலாம்."

கைகூப்பினேன். "நியாயம்தான் அரசே. இந்த மூன்று நாளும் நான் செய்தது வாயை மூடியது ஒன்றுதான். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. மருமகப்பிள்ளை இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறார். அவர் அதைக் கற்று முடிக்கும்வரை வழிப்போக்கர்கள் பசி தாங்குவார்களா?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் இருந்த சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். "பதவி உமக்கே! வாயை மட்டும் திறக்காதீர்!"

நன்றியாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று எல்லோரையும் இப்படி அருகே வரும்படி கையசைத்தேன்.

உள்ளேயிருந்து உலகம்மையின் குரல் வந்தது:

"சாமி, ரெண்டாம் பந்திக்கு உலை கொதிக்குது. நன்றியை மனசுக்குள்ளேயே சொல்லிக்கிடுங்க!"