நீலமலை மாயாவியும் உருக் நகரத்து மண்ணும்

முன்னொரு காலத்திலே, இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே, சுமேர் நாட்டில் உருக் என்றொரு நகரம் இருந்தது. அந்த ஊர்க்காரர்களின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் கதையை ஆரம்பிக்க மனசு வராது. அங்கே கல் கிடையாது, செம்பு கிடையாது, நல்ல மரம் கிடையாது. இருந்ததெல்லாம் மண்ணும் தண்ணீரும்தான். அந்த மண்ணில் வாற்கோதுமை விளைத்து, ஆட்டு ரோமத்தில் கம்பளி நெய்து, கழுதைமேல் ஏற்றிப் போய், வேண்டியதையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்!

அப்படி நீலக்கல் வாங்கப் போன துது என்ற இளைஞன் திரும்பவில்லை. கல்லையே காணாத ஊரில் பிறந்தவன் அல்லவா? நீலமலையில் வழியெல்லாம் கல் கிடப்பதைப் பார்த்ததும், யாரையும் கேட்காமல் மடி நிறைய அள்ளிக்கொண்டான். மலையை ஆண்ட மாயாவி அவனையே நீலக்கல்லாக்கி வாசலில் நிறுத்திவிட்டான்.

கூடப் போனவர்கள் வந்து சொன்னதும் தங்கை நின்கல்லா அழுதாள். அழுது முடித்ததும், அண்ணனை மாற்றிக்கொண்டு வர, கம்பளி, எள்ளெண்ணெய், வாற்கோதுமை எல்லாம் மூட்டை கட்டினாள். மூட்டையின் வாயைக் கயிற்றால் இறுக்கி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் தன் பெயர் பதியும்படி உருளை முத்திரையை உருட்டினாள். நடுவில் யாராவது கைவைத்தால் தெரிந்துவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

கழுதைகளை ஓட்டிக்கொண்டு மலையேறிப் போய் மாயாவியின் முன்னால் கம்பளியை விரித்தாள்.

“அட, இவ்வளவுதானா?” என்று அவன் விரலைச் சொடுக்கினான். கம்பளிகள் மலைபோல் குவிந்தன.

எள்ளெண்ணெயை வைத்தாள்.

“அட, இவ்வளவுதானா?” மறுபடி சொடுக்கினான். எண்ணெய் ஆறாய் ஓடியது.

மிச்சம் இருந்தது வாற்கோதுமை மூட்டை ஒன்றுதான். இதுவும் போனால் அண்ணன் போனான். அதை இழுத்து வைத்தாள்.

“அட...” என்று ஆரம்பித்த மாயாவி குனிந்து உற்றுப் பார்த்தான். வழியில் பெய்த மழையில், முத்திரை மண்ணில் ஒட்டியிருந்த ஒரு மணி பச்சைப்பசேலென்று முளைவிட்டிருந்தது.

“உயிரைக் கல்லாக்க எனக்குத் தெரியும். உயிரை வரவழைக்கத் தெரியாதே! என்னம்மா இது?”

“எங்க ஊரு மண்ணுங்க.”

மாயாவி பாய்ந்து கையை நீட்டினான். நின்கல்லா மூட்டையை இறுக அணைத்துக்கொண்டாள்.

“கேக்காம எடுத்ததுக்குத்தானே எங்கண்ணனைக் கல்லாக்கினீங்க?”

நீட்டிய கை அப்படியே நின்றது. பெரிய மாயாவிதான், ஆனாலும் நியாயம் தெரிந்தவன். வெட்கத்தில் முகம் சிவந்தது.

“தாயே, இதை எனக்குத் தர்றியா? பதிலுக்கு என்ன வேணும்?”

“எங்கண்ணன் வேணும்.”

மாயாவி மந்திரத்தைத் திருப்பிச் சொன்னான். நீலம் பொலபொலவென்று உதிர்ந்தது. துது ஒரு தும்மல் போட்டுக் கண் விழித்தான். தங்கையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். பிறகு காலடியில் கிடந்த நீலக்கற்களைப் பார்த்தான், மாயாவியைப் பார்த்தான்.

“எடுத்துக்கலாமாங்க?” என்றான்.

மலையே அதிரும்படி மாயாவி சிரித்தான். கழுதைகள் தாங்குமட்டும் தன் கையாலேயே கல் ஏற்றிவிட்டான்.

உருக்கில் அதன்பிறகும் ஒரு கல்கூட விளையவில்லை. ஆனாலும் அந்த ஊர்க் கோயிலெல்லாம் நீலமாய் மின்னியதாம். கேட்டு வாங்கியவர் வீடும், மனசாரக் கொடுத்தவர் வீடும் நிறைந்ததுபோல, கதை கேட்ட உங்கள் வீடும் நிறையட்டும்!