செம்பிடரியின் பிள்ளைகள்

காட்டின் மேற்குப் பக்கத்தில் நாற்பது குதிரைகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றில் முக்கால்வாசி செம்பிடரி என்ற ஒரே குதிரையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். செம்பிடரியைப் போலத் தாண்டும் குதிரை அந்தக் காட்டில் அதற்கு முன்பு பிறந்ததில்லை. விழுந்த மரமோ, முட்புதரோ, எதையும் குளம்பு உரசாமல் தாண்டிவிடும். பார்க்கிற மான்களுக்கே பொறாமையாக இருக்கும்.

காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பள்ளம் ஓடியது. ஒன்பது அடி அகலம்தான். ஆனால் விழுந்தால் பிழைக்க முடியாத ஆழம். கோடையில் மேற்கே இருந்த குட்டை வற்றிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் பள்ளத்தைத் தாண்டிக் கிழக்கே இருந்த ஏரிக்குப் போயாக வேண்டும்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் குதிரை எந்த இடத்தில் குளம்பை ஊன்றிப் பாய்கிறதோ, மற்றவையும் அதே தடத்தில் குளம்பு வைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும். நடுவில் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் பின்னால் வருவது மோதி இரண்டுமே போய்விடும். பதினாறு கோடைகள் செம்பிடரிதான் முதலில் தாண்டியது. ஒரு குட்டிகூடப் பள்ளத்தில் விழுந்ததில்லை.

போன மழைக்காலத்தில் செம்பிடரி இறந்துபோனது. கூட்டமே அழுதது. அழுகை ஓய்ந்த பிறகு கதைகள் தொடங்கின. உயிரோடு இருந்தபோது ஒன்பது அடி தாண்டிய குதிரை, இறந்த பிறகு இருபது அடி தாண்டியது! செம்பிடரி கண்ணை மூடிக்கொண்டே பாயும் என்றது ஒன்று. பள்ளத்தை அது ஒருநாளும் குனிந்து பார்த்ததே இல்லை என்றது இன்னொன்று.

இந்தக் கதைகளை ஒரு நரி விடாமல் ஊதிப் பெருக்கியது. அதற்குக் குதிரைகள் மேல் பாசமா என்ன? ஒரு குதிரை பள்ளத்தில் விழுந்தால் நரிக்கு ஒரு மாதத்துச் சாப்பாடு.

செம்பிடரியின் பிள்ளைகளில் வெண்சுட்டிக்கு மட்டும் அப்பாவைப் போலவே நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது. அடுத்த தலைவன் அதுதான் என்று கூட்டம் முடிவு செய்தது. அதன் அக்கா மயிலையை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. சுட்டியும் கிடையாது, சாம்பல் நிறம் வேறு. ஒரு சின்னக் கட்டையைத் தாண்டுவதென்றாலும் மயிலை கிட்டே போய் எட்டிப் பார்க்கும், பின்வாங்கும், அப்புறம்தான் தாண்டும். பயந்தாங்கொள்ளி என்று அதற்குப் பெயர்.

கோடை வந்தது. குட்டையில் சேறு மட்டுமே மிஞ்சியது. குட்டிகளின் உதடுகள் வெடித்தன. கூட்டம் பள்ளத்துக்கு வந்து, வழக்கமாகத் தாண்டும் இடத்தில் வரிசையாக நின்றது. மயிலையின் குட்டி வரிசையில் மூன்றாவதாக நின்றது.

நரி வெண்சுட்டியின் பக்கத்தில் வந்து குழைந்தது. "சின்னய்யா, அப்பா மாதிரியே பார்க்காம ஒரே பாய்ச்சல். ஊரே பார்த்துக்கிட்டு இருக்கு."

வெண்சுட்டி வேகம் எடுப்பதற்காக நூறு தப்படி பின்னால் போனது. அதற்குள் மயிலை விளிம்புக்கு நடந்துபோய்க் கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தது. பின்னால் எல்லாம் கனைத்துச் சிரித்தன.

எதிர்க்கரையில் புல் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் புல்லுக்கு அடியில் மண் இல்லை. மழைவெள்ளம் கரையைக் குடைந்துவிட்டிருந்தது. அந்தப் பொந்திலிருந்து ஒரு கிழட்டு உடும்பு தலையை நீட்டியது.

"செம்பிடரி பொண்ணா நீ?" என்று கேட்டது உடும்பு. "மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு தாயி. உங்கப்பாவும் இப்படித்தான் எட்டிப் பார்ப்பார்."

மயிலைக்கு நம்ப முடியவில்லை. அப்பா பார்த்ததே இல்லையென்று எல்லோரும் சொல்கிறார்களே என்றது.

"அவங்களுக்கு என்ன தெரியும்? கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வர்றதுக்கு முந்தின நாளே தனியா வருவார். கரை நெடுக நடந்து ஒவ்வொரு இடமா பார்ப்பார். குட்டிங்க பார்த்தா பயந்துடும்னு யாருக்கும் சொல்ல மாட்டார். எட்டிப் பார்க்கிற அவர் மூஞ்சியைப் பார்த்தப்புறம்தான், மேலே தாண்டிப் போற அவர் வயிறே எனக்குத் தெரியும்."

அதற்குள் வெண்சுட்டி பாய்ந்து வரத் தொடங்கிவிட்டது. தரை அதிர்ந்தது. பின்னால் வரிசையும் நகர்ந்தது, அதில் மயிலையின் குட்டியும் ஓடி வந்தது. மயிலை திரும்பி வெண்சுட்டியின் வழியில் குறுக்கே நின்றது. மோதினால் இரண்டும் பள்ளத்தில்தான். ஆனாலும் அது அசையவில்லை.

வெண்சுட்டி புழுதி பறக்க நின்றது. தள்ளிப் பின்னால் வந்த வரிசையும் அதைப் பார்த்து நின்றது. "விலகு அக்கா! மானத்தை வாங்காதே."

"விலகறேன், தம்பி. ஒரே ஒரு தடவை கீழே பாரு. பார்த்துட்டு நீ இங்கேதான் பாய்வேன்னா, நான் தடுக்க மாட்டேன்."

நரி, பார்ப்பது கோழைகளின் வேலை என்று கத்தியது. வெண்சுட்டி அக்காவின் முகத்தைப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தது. புல்லுக்கு அடியில் இருந்த வெறுமை அதற்கும் தெரிந்தது. தான் விழுந்திருந்தால் தன் தடத்திலேயே கூட்டம் முழுவதும் விழுந்திருக்கும் என்பதும் தெரிந்தது.

"அக்கா," என்றது மெல்ல. "சின்ன வயசிலேருந்தே எதைத் தாண்டப் போனாலும் என் கால் தானா நிக்கும். பார்க்கணும் பார்க்கணும்னு இருக்கும். அப்பா பிள்ளை இப்படி இருக்கானேன்னு வெட்கப்பட்டு மறைச்சு வெச்சேன்."

"அதுதான்டா அப்பா" என்றது மயிலை.

இரண்டும் கரையோரமாக நடந்தன. வடக்கே கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் பாறையாக இருந்த இடம் கிடைத்தது. கூட்டம் மொத்தமும் பார்க்க வெண்சுட்டி குனிந்து பார்த்தது, பின்வாங்கியது, பாய்ந்தது. அடுத்து மயிலை. அதற்கடுத்து மயிலையின் குட்டி. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் பாய்ந்தன. நரி வெறும் வயிற்றோடு நண்டு பிடிக்கப் போனது.

உடும்பும் பள்ளத்துக்குள்ளேயே வடக்கே ஊர்ந்து வந்து, கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. மேலே போன ஒவ்வொரு குதிரையும் முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கி, ஒரு புல்லைக்கூடத் தொடாமல் கடந்தது. இனி செம்பிடரியைப் பார்க்கவே முடியாதென்று மழைக்காலம் முழுக்க வருந்திய உடும்பு, அன்று ஒரே பகலில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது.

பெரியவர்களின் புகழைச் சொல்லித் திரிவதைவிட, அவர்களைப் பெரியவர்களாக்கிய பழக்கத்தை வெட்கப்படாமல் கைக்கொள்வதே நல்ல பிள்ளைகளுக்கு அழகு.