தாழையாற்று மதகுக்காரர்

"தாயே, தாழையாத்துத் தண்ணி யாருக்குச் சொந்தம்? அதை மட்டும் சொல்லுங்க. நான் உடனே போகணும்."

பரிசலிலிருந்து இறங்கிய கால் ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் கொற்றவேள் கேட்டுவிட்டார்.

மங்கையம்மை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உட்காரு."

"உட்கார நேரமில்ல."

"அப்ப நின்னுக்கோ."

கொற்றவேள் மேட்டு நாட்டின் மதகு அதிகாரி. ஆற்றை மறித்து நிற்கும் அணை அவர் பொறுப்பு. அணைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் படுகை நாடு.

மங்கையம்மை இருந்தது ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டில். இரண்டு நாட்டு ராஜாக்களும் அதைத் தங்களுடையது என்று சொன்னதில்லை. வெள்ளம் வந்தால் முழுகிப்போகிற இடத்துக்கு எவன் சண்டை போடுவான்?

சீடருக்குத் தலை நரைத்துவிட்டது. குருவுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் கொற்றவேள் இங்கேதான் வருவார்.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. அணையில் பாதிக்கும் கீழேதான் தண்ணீர். ராஜா அவரைக் கூப்பிட்டு, "மதகு உன் கையில், முடிவும் உன் கையில்" என்று சொல்லிவிட்டு அந்தப்புரத்துக்குப் போய்விட்டார். கெட்டிக்கார ராஜா. பழியையும் சேர்த்தே கைமாற்றிவிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள மதகுப் பலகையை இறக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார் கொற்றவேள். "எங்க வயல்ல கதிர் பால் பிடிக்கிற நேரம். இனிமே ஒரு சொட்டு கீழே போகாது. எங்க மலையில பெய்யுது, எங்க மண்ணுல ஓடுது. எங்க தண்ணிதானே தாயே?"

"எங்க கதிரும் இப்பதான் பால் பிடிக்குது, பெரியவரே."

குரல் பின்னாலிருந்து வந்தது. இன்னொரு பரிசல் திட்டில் ஒதுங்கியிருந்தது. இறங்கி வந்தவன் தாண்டவன், படுகை நாட்டின் தூதன். தூங்கிப் பல நாளான முகம்.

"பலகை இறங்கினா எங்க சனங்க சும்மா இருக்க மாட்டாங்க," என்றான். "கடப்பாரையும் கையுமா அணைக்கரை ஓரத்துல உட்கார்ந்திருக்காங்க. பலகை இறங்குற சத்தம் கேட்டதும் கரையை வெட்டப் போறாங்க. நானும் சொல்லிப் பார்த்துட்டேன். கேக்கல."

கரைக் காவலுக்கு நின்றது கொற்றவேளின் மகன். கரை உடைந்தால் முதலில் போகிறவன் அவன்தான். பிறகு ஆற்றோரத்து ஊர்கள்.

பயம் வாய்க்கு வந்தபோது கோபமாகிவிட்டது.

"வெட்டிப் பாருங்க! நாணல் காடா கிடந்ததையெல்லாம் வயலாக்கினது யாரு? ஒரு போகம் விளைஞ்ச இடத்துல ரெண்டு போகம் போட்டது யாரு? போட்டுட்டு இப்ப தண்ணி பத்தலைன்னு அழுதா நான் என்ன செய்யறது?"

"நீங்க மட்டும் என்ன? மேல புதுசா வாய்க்கால் வெட்டினப்ப எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? போன ஐப்பசியில அணை தளும்புதுன்னு எல்லாப் பலகையையும் ஒண்ணாத் தூக்கிவிட்டீங்க. எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு நின்னுச்சு. அந்தத் தண்ணி அன்னிக்கு யாருக்குச் சொந்தம்?"



அணைப் பக்கமிருந்து பறைச் சத்தம் கேட்டது. பலகை இறக்குகிற ஆட்களைக் கூப்பிடும் பறை அது. முதலில் நிதானமாக அடிப்பார்கள். ஆட்கள் சேரச் சேர வேகம் கூடும்.

தாண்டவன் வானத்தைப் பார்த்தான். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"தாயே, சொல்லுங்க." கொற்றவேள் அம்மையின் பக்கம் திரும்பினார். "எங்களுதா, அவங்களுதா? நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அம்மை கீரைக் காம்புகளை ஒருபக்கமாக ஒதுக்கினார்.

"உன் சொந்த ஊர்ல ஏரி இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"ஏரித் தண்ணியை வயலுக்குப் பாய்ச்சுறது யாரு?"

"நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து, வாய்க்கால் வாய்க்காலா மடை திருப்பி எல்லார் வயலுக்கும் கொண்டுபோறது அவன் வேலைதான்."

"அந்த வேலைக்காக ஊர் அவனுக்கு நிலம் விட்டிருக்குமே. அது எங்க இருக்கு?"

"கடைமடையில."

"மதகு ஓரமா நல்ல நிலமெல்லாம் இருக்கறப்ப, அவனைக் கொண்டுபோய்க் கடைசியிலயா தள்ளுனீங்க? பாவமில்லையா?"

அந்த நெருக்கடியிலும் கொற்றவேளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மைக்கு ஞானம் எல்லாம் தெரியும், உழவு தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"மதகு ஓரமாக் குடுத்தா, தன் வயல் நனைஞ்சதும் மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான் தாயே! கடைசியில குடுத்தாத்தான் தண்ணியைக் கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போவான். வழியில இருக்கற வயலெல்லாம் தன்னால பாஞ்சுடும்."

"தண்ணி குறைஞ்ச வருசம்?"

"அப்பத்தான் அவன் அருமையே தெரியும். ஆளாளுக்கு முறை வச்சு, கொஞ்சம் கொஞ்சமா அளந்து விடுவான். எல்லார் வாயிலயும் திட்டு வாங்குவான். ஆனா எவன் பயிரும் காஞ்சதில்ல. எங்க ஏரியில தண்ணிக்காக ஒரு அடிதடி நடந்ததில்ல."

தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

பறை வேகம் பிடித்தது.

"தாழையாத்துக்கு நீர்க்கட்டி யாரு?" என்றார் அம்மை.

"நான்தான்."

"உன் நிலம் எங்க இருக்கு?"

கொற்றவேள் சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

பதவியோடு ராஜா கொடுத்த நிலம். அணையை ஒட்டி, முதல் மடை. மதகு கசிந்தாலே நனைந்துவிடும். நாட்டிலேயே சிறந்த நிலம் என்று வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவார்.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அம்மை கீரைச் சட்டியை எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போனார். உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

கொற்றவேள் ஆற்றைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச தூரம் போய் ஆறு படுகை நாட்டுக்குள் வளைந்து மறைந்தது. மதகு அதிகாரியான நாளிலிருந்து அந்த வளைவைத் தாண்டி அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

தாண்டவன் தன் பரிசலைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தான். இனி இங்கே பேச ஒன்றுமில்லை, கரையில் இருக்கிற சனங்களோடு சேர்ந்து நிற்க வேண்டியதுதான் என்று அவன் முடிவு செய்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

"தம்பி, நில்லு," என்றார் கொற்றவேள். "இந்த ஆத்துத் தண்ணி பாயற கடைசி ஊர் எது?"

"உப்பங்காடு. கடலோரம். எதுக்குக் கேக்கறீங்க?"

"அங்க எனக்கு ஒரு வயல் கிடைக்குமா? கடைசி வயல். அதுக்கு அப்பால வேற யாருக்கும் வயல் இருக்கக் கூடாது. அணை ஓரத்துல இருக்கற என் நிலத்தைக் குடுத்துட்டு வாங்கிக்கறேன்."

தாண்டவனுக்கு முகம் சிவந்தது.

"எங்க வயிறு எரியறப்ப கேலி பண்றீங்களா பெரியவரே? அங்க பயிருக்குத் தண்ணி வந்து எத்தனையோ வருசமாச்சு."

கொற்றவேள் அதற்குள் பரிசலில் ஏறியிருந்தார். பறைச் சத்தம் வந்த பக்கமாகத் துடுப்பைப் போட்டார்.

"வரும்," என்றார்.