கன்னி ராசிக்கு இந்த வாரம்

"தப்பு பண்ணவனுக்கு எதுக்கு சார் வசனம்?"

சம்சுதீன் சார்கிட்ட நான் கேட்டது இவ்வளவுதான். அவர் பாட்டுக்கு பன்ன டீயில முக்கிட்டு இருந்தாரு.

அவர் எழுதி இயக்குற டிவி காமெடித் தொடர் பேரு 'அச்சுக்குப் போகுது'. 'குதூகலம்'னு ஒரு வாரப் பத்திரிகை, அந்த ஆபீஸ்ல நடக்குற கூத்து. வளசரவாக்கத்துல ஒரு பழைய குடோன்ல செட்டு. காலேஜ்ல விஸ்காம் படிக்கிற நான் அங்க பயிற்சிக்குப் போயிருந்தேன். போன நாள்ல இருந்தே சண்டதான். ஆசிரியர் மேசையில இருக்குற போனுக்கு வயரே இல்லையேன்னு ஆர்ட் டைரக்டர்கிட்ட மல்லுக்கு நின்னேன். ஏன், நீ யாருக்காவது பேசணுமான்னு கேட்டாரு.

அதப் பாத்துட்டோ என்னமோ, சார் என்னையே ஒரு காட்சி எழுதச் சொன்னாரு. நல்லா வந்தா டைட்டில்ல பொற்கொடின்னு என் பேரு வரும். இல்லன்னா கையிருப்புல வேற காட்சி இருக்கு, அத எடுத்துருவாங்க. என் பேரு டிவியில வரும்னு நான் ஏற்கெனவே க்ளாஸ் பூரா சொல்லி வெச்சாச்சு.

நான் எழுதினது இதுதான். ஜோசியர் இந்த வாரம் ராசிபலன் அனுப்பல. ஆசிரியர் நீலமேகம் தானே உக்காந்து எழுதிடறாரு. உதவி ஆசிரியர் மல்லிகா, தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு திண்டுக்கல் போகணும்னு லீவு கேட்டிருக்கா. அவ கன்னி ராசி. 'கன்னி ராசி அன்பர்கள் இந்த வாரம் வெளியூர்ப் பயணத்தைத் தவிர்க்கவும்'னு அச்சடிச்சு அவ மேசையில வெச்சுட்டுப் போயிடறாரு. மல்லிகா நேரா அவர் ரூமுக்குப் போய் கிழிகிழின்னு கிழிக்கிறா. அவருக்கு வசனம்? "ம்." காட்சி முழுக்க "ம்"தான்.

சார் படிச்சாரு. சிரிக்கல. நீலமேகம் வாயே தொறக்க மாட்டேங்குறானேன்னு கேட்டாரு. அப்பத்தான் நான் அந்தக் கேள்வியக் கேட்டேன். கேட்டதோட விட்டேனா? மேலதிகாரிங்களுக்கு ஊர் பூரா வாய் இருக்கு, என் காட்சியிலயாவது பொத்திக்கிட்டு நிக்கட்டும்னு சொன்னேன்.

பன்னு தீந்துச்சு. "சரிம்மா. வாசிப்புல பாத்துக்கலாம்."

அந்த செட்டுல ஒரு வழக்கம் உண்டு. ஷூட்டிங்குக்கு முன்னாடி காட்சிய எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும். லைட்மேன் அண்ணங்க சிரிச்சாதான் கேமரா நகரும். அது எனக்குத் தெரியும். தெரியாதது இன்னொண்ணு. காட்சியில யாரு அடி வாங்குறாங்களோ, அந்தப் பாத்திரத்த எழுதின ஆளேதான் வாசிக்கணுமாம்.

"இது எந்த ஊர் சட்டம் சார்?"

"இந்த குடோன் சட்டம்"னு சொல்லிட்டு ஆசிரியர் நாற்காலிய இழுத்துப் போட்டாரு.

மல்லிகாவா நடிக்கிறது தெய்வானை அக்கா. செட்டுல எல்லாருக்கும் வாழைப்பழம் உரிச்சுக் குடுக்குற ஆளு. பேப்பரக் கையில எடுத்தா வேற ஆளு.

"ஜோசியர் வரலன்னா ராசிபலன் எழுதறீங்க. நாளைக்கு டாக்டர் வரலன்னா ஊசியும் நீங்களே போடுவீங்களா சார்?"

ஏழுமலைன்னு ஒரு லைட்மேன் அண்ணன், அவர் லேசா சிரிச்சாரு. நான் "ம்"னேன்.

அடுத்தது வந்துச்சு. அதுக்கும் "ம்". அதுக்கடுத்ததும் வந்துச்சு. எல்லாம் நான் தேடித்தேடி எழுதின வார்த்தைங்க. அக்கா வாயில இருந்து வந்து என் மண்டையில விழுந்துச்சு. எனக்குக் காது சூடாச்சு. ஏழுமலை அண்ணன் நகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு. யாரோ கொட்டாவி விட்டாங்க. சார் மட்டும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

அக்கா கடைசிப் பக்கத்துக்கு வந்துட்டாங்க. "ஒருத்தி லீவ நிறுத்தறதுக்காக ஊர்ல இருக்குற கன்னி ராசிக்காரங்க எல்லாரையும் வீட்டுல உக்கார வெச்சுட்டீங்களே, வெக்கமா இல்ல?"

பேப்பர்ல "ம்"னுதான் இருந்துச்சு. எனக்கு அது வாயில வரல. நீலமேகமா நானே வேற ஒண்ணு சொன்னேன்.

"என் மாமனாரும் கன்னி ராசிதாம்மா."

அக்கா நிமிந்து பாத்தாங்க.

"ஊருக்குக் கெளம்பி செருப்பு மாட்டிட்டாரு. ஆட்டோவும் வந்துருச்சு. அந்த நேரம் பாத்து நம்ம பத்திரிகையப் படிச்சுட்டாரு. உனக்குப் போனது ஒரு நாள் லீவு. அவர் பெட்டி இன்னும் என் வீட்டு ஹால்லயே இருக்கு."

ஏழுமலை அண்ணன் வாயில இருந்த டீ வெளிய வந்துருச்சு.

அக்கா விடல. பேப்பர மடிச்சு வெச்சுட்டு மேசை மேல கை ஊனினாங்க. "அப்ப அடுத்த இதழ்ல கன்னிக்கு என்ன சார் போடப் போறீங்க?"

"'உடனே கிளம்பவும்.' எழுதி அச்சுக்கே அனுப்பிட்டேன்."

அக்கா ஹேண்ட்பேக்க எடுத்துத் தோள்ல மாட்டினாங்க. "நானும் கன்னிதான் சார். வரட்டா?"

குடோன் அதிர்ந்துச்சு. சிரிச்ச சிரிப்புல ஏழுமலை அண்ணன் லைட் வெளிச்சத்தத் திருப்பப் புடிச்சிருந்த தெர்மாகோல் பலகை சரிஞ்சு, மேசையில இருந்த வயர் இல்லாத போன் மேல விழுந்துச்சு. ரிசீவர் தனியா உருண்டு ஓடுச்சு. ஆர்ட் டைரக்டர் குனிஞ்சு எடுத்தாரு. காதுல வெச்சுக் கேட்டாரு. அப்புறம் என்கிட்ட நீட்டி, "உனக்குத்தாம்மா, மாமனாரு"ன்னாரு. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டுத் தரையிலயே உக்காந்துட்டேன்.

யாரும் சொல்லாமலே கேமராவத் தள்ள ஆரம்பிச்சாங்க. டைட்டில்ல பொற்கொடின்னு போட்டுருன்னு உதவியாளர்கிட்ட சார் சொன்னது காதுல விழுந்துச்சு. பழையபடி பன்னும் டீயுமா உக்காந்துட்டாரு. அதோட நான் சும்மா இருந்திருக்கலாம். கண்ணத் தொடச்சுக்கிட்டு எழுந்து போய் அவர் முன்னாடி நின்னேன்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். நீலமேகம் பண்ணது தப்பு. அதுல எனக்கு மாத்தமே இல்ல."

"தப்புதான்"னாரு சார். பன்ன ரெண்டாப் பிச்சு ஒரு பாதிய என்கிட்ட நீட்டினாரு.

"ஆனா அவன் வீட்டு ஹால்ல ஒரு பெட்டி இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நீதான அவன் வாயால சொன்ன."