பதினொரு பேருக்குக் கொடுத்த வாக்கு

வெண்குளம் பாளையத்தைக் கொண்டம நாயக்கர் ஆண்ட காலத்தில், அவருக்கு ஓலை எழுதும் ராயசமாக இருந்தவர் ராயப்பர். கிறிஸ்தவர். வாயைத் திறந்தால் வேதத்திலிருந்து ஒரு கதை விழும். நாயக்கருக்கு அது பிடிக்கும். படையை நடத்தும் தளவாய் பெத்தணனுக்குப் பிடிக்காது.

பக்கத்து மலைக்கோட்டையில் சடையன் என்றொரு முரடன் மூன்று வருஷமாகப் பணியாமல் இருந்தான். உள்ளே முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்று ஊர் நம்பியது. கோட்டைக்குள்ளிருந்து திசைக்கொரு முரசாக அப்படி முழங்கும். நாயக்கர் படை இரண்டு முறை போய், இரண்டு முறையும் வந்த வழியே திரும்பியது. கடைசியில் நாயக்கர் சமாதானத்துக்கு இறங்கினார். "நான் இந்தச் சிம்மாசனத்தில் இருக்கும்வரை உன் உயிருக்கு என்னால் கெடுதல் வராது" என்று சபையறியச் சத்தியம் செய்து, ராயப்பர் கையில் ஓலை கொடுத்தனுப்பினார்.

சடையன் ஓலையைப் பார்க்கவில்லை. ராயப்பர் முகத்தைப் பார்த்தான். "எனக்குப் படிக்கத் தெரியாது, ஐயா. நீங்களே சொல்லுங்க. நம்பலாமா?"

"நம்பு" என்றார் ராயப்பர்.

கோட்டைக் கதவு திறந்தது. வெளியே வந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். மீதியெல்லாம் முரசு!

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நாயக்கருக்கு மீசை துடித்தது. "பதினொரு பேரிடமா நான் சமாதானம் பேசினேன்? இழுத்து வாருங்கள் அவனை, தலையை எடுக்கிறேன்!"

ராயப்பர் குறுக்கே வந்தார். "மகாராஜா, எங்கள் வேதத்தில் யோசுவா என்றொரு தலைவர். பக்கத்து ஊர்க்காரர்கள் கிழிந்த செருப்பும் பூசணம் பிடித்த ரொட்டியுமாக அவரிடம் வந்து, 'நாங்கள் தூரதேசம்' என்று புளுகி, உயிருக்கு உறுதிமொழி வாங்கிவிட்டார்கள். மூன்றாம் நாளே குட்டு உடைந்தது. ஆனாலும் அவர்கள் உயிரை அவர் எடுக்கவில்லை. ஏமாந்து கொடுத்தாலும் வாக்கு வாக்குதான் என்று இருந்துவிட்டார்."

"ஊர் அவரைப் பார்த்துச் சிரித்ததா?"

"முணுமுணுத்தது, மகாராஜா."

"முணுமுணுப்பை நானும் தாங்குவேன். சிரிப்பைத் தாங்க மாட்டேன்!"

தளவாய் பெத்தணன் குழைந்துகொண்டு முன்னால் வந்தான். "சத்தியத்தை மீறவே வேண்டாம், மகாராஜா. சிம்மாசனத்தில் இருக்கும்வரை என்றுதானே சொன்னீர்கள்? சற்று இறங்கி நில்லுங்கள். வெட்டச் சொல்லுங்கள். பிறகு ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள்."

"அடடா!" நாயக்கர் முகம் மலர்ந்தது. எழுந்தார். இரண்டு படி இறங்கி நின்றார்.

சடையனைக் கட்டிக் கொண்டுவந்து மண்டியிட வைத்தார்கள். அப்போதும் அவன் ராயப்பரைத்தான் பார்த்தான். நம்பு என்று சொன்னது அவர் வாயல்லவா?

"வெட்டு!" என்றார் நாயக்கர்.

"நில்லப்பா" என்றார் ராயப்பர், வாள்காரனிடம். "யார் உத்தரவு இது?"

அவன் விழித்தான். "மகாராஜா உத்தரவுங்க."

"சிம்மாசனம் காலியாக இருக்கிறதே! மகாராஜா எங்கே?"

நாயக்கர் நின்ற இடத்திலிருந்தே கத்தினார்.

"ஓய் ராயசம்! நான் குத்துக்கல்லாட்டம் நிற்பது தெரியவில்லையா?"

"கோபிக்கக் கூடாது, மகாராஜா. நீங்கள் சிம்மாசனத்தில் இருந்தால் சத்தியம் தடுக்கிறது. அதில் இல்லையென்றால், ஒருவனை வெட்டச் சொல்ல நீங்கள் யார்? தளவாய் சொன்ன நியாயத்தைத்தான் நானும் சொல்கிறேன். வேறு யாராவது அங்கே ஏறி உட்கார்ந்து உத்தரவு போட்டால்தான் உண்டு."

தளவாய்க்கு அவசரம். "இதென்ன பெரிய விஷயம்! ஒரே ஒரு நிமிஷம் நான் உட்கார்ந்து..."

வாய் பாதியில் நின்றது. வலது கால் மட்டும் அதற்குள் முதல் படியில் ஏறிவிட்டது.

நாயக்கர் மெதுவாகத் திரும்பி அந்தக் காலைப் பார்த்தார். பெத்தணன் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம், அந்த உடம்புக்கு இத்தனை வேகமா என்று சபை அதிசயிக்க, ஒரே தாவாகத் தாவிச் சிம்மாசனத்தில் போய் விழுந்தார். விழுந்தவருக்குச் சிரிப்பு பீறிட்டது. தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"சடையனை அவிழ்த்துவிடுங்கள்! இனி மலைக்காவல் அவனுக்கே. பதினொரு பேரோடு என்னை மூன்று வருஷம் தடுத்தவன், எனக்காக நின்றால் எவன் உள்ளே வருவான்? ராயசம், உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

ராயப்பர் கைகூப்பினார். "முதலில் தளவாயைக் கீழே இறங்கச் சொல்லுங்கள், மகாராஜா. கால் இன்னும் படியில்தான் இருக்கிறது."